ப்ரூ, சைனா, காம்ரேட்: டர்பன் ஆங்கிலத்தில் நண்பனை எப்படிக் கூப்பிடுவது?

பள்ளிக்கூட ஆங்கிலத்தில் நண்பனுக்கு ஒரே சொல்தான், ஃப்ரெண்ட். அதை மட்டும் நம்பித் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வந்து இறங்குகிறவருக்கு முதல் வாரமே தலை சுற்றும். பெட்ரோல் பங்கில் நிற்பவர் "ஷார்ப், மை ப்ரூ" என்பார். அலுவலகத்தில் ஒருவர் "ஹௌசிட் மை சைனா" என்று தோளில் தட்டுவார். தொழிற்சங்கக் கூட்டத்துக்குப் போனால் மேடையில் இருப்பவரும் காம்ரேட், டீ கொண்டுவருபவரும் காம்ரேட். இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த் பகுதியில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், வீட்டுக்காரர் "அண்ணா" என்று ஆரம்பித்துவிட்டு மிச்சம் முழுவதையும் ஆங்கிலத்தில் பேசுவார். இதில் எதை நாமும் திருப்பிச் சொல்லலாம், எதைக் கேட்டுச் சிரித்துவிட்டு விட்டுவிட வேண்டும் என்பது அகராதியில் கிடைக்காது. ஊரிலிருந்து வேலைக்கோ படிப்புக்கோ புதிதாக வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஒருவரைப் *பற்றி*ச் சொல்லும் சொல் வேறு, அவரையே *கூப்பிடும்* சொல் வேறு. தமிழில் இது நமக்குத் தெரியாமலே தெரியும். "இவன் என் நண்பன்" என்று வீட்டில் அறிமுகம் செய்கிறோம். அதே ஆளை "நண்பனே, இங்கே வா" என்று யாரும் கூப்பிடுவதில்லை; கூப்பிட்டால் நாடகம் போடுகிறோமோ என்று பார்ப்பான். கூப்பிடும்போது மச்சான், மாப்ளே, பங்காளி, டேய். இலக்கணத்தில் விளி என்று படித்தோமே, அதற்குத் தனிச் சொற்களே வைத்திருக்கிறோம்.

ஆங்கிலத்திலும் அப்படித்தான். ஃப்ரெண்ட் என்பது அறிமுகம் செய்வதற்கான சொல். "ஹி இஸ் எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்" என்றால் எந்தச் சபையிலும் பழுதில்லை. ஆனால் நேருக்கு நேர் "மை ஃப்ரெண்ட்" என்று விளித்தால் வாசனை மாறிவிடும். பெயர் தெரியாத கடைக்காரரிடம், விலை பேசுகிற இடத்தில், கொஞ்சம் கறாராகப் பேச ஆரம்பிக்கும்போது வருவது இந்த "மை ஃப்ரெண்ட்". "லிஸன், மை ஃப்ரெண்ட்" என்று ஒருவர் தொடங்கினால் அடுத்து வருவது பெரும்பாலும் நட்பாக இருக்காது. உண்மையான நண்பனை ஆங்கிலேயனும் ஃப்ரெண்ட் என்று கூப்பிடுவதில்லை. அவனுக்கென்று மேட் (mate), பால் (pal), பட்டி (buddy), சம் (chum) என்று வேறு சொற்கள் வைத்திருக்கிறான்.

இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்பது வெறும் சுவாரசியத்துக்காக மட்டும் இல்லை. ஒவ்வொன்றும் எதையாவது பங்கிட்டுக்கொண்ட கதை. அந்தக் கதை தெரிந்தால் சொல்லின் சூடு தெரியும். கம்பேனியன் என்ற சொல்லைப் பிரித்தால் லத்தீனில் "காம்" என்பது உடன், "பானிஸ்" என்பது ரொட்டி. ரொட்டியை உடன் உண்பவன். நம் உடன்பிறப்பு என்ற சொல்லைக் கட்டிய அதே முறை. நாம் பிறப்பை வைத்துக் கட்டினோம், அவர்கள் ரொட்டியை வைத்து. டர்பனில் இதற்கு விளக்கவுரையே தேவையில்லை. பன்னி சௌ வாங்கிப் பாருங்கள். பாண் ரொட்டியின் நடுவைத் தோண்டி எடுத்து, குழியில் ஆட்டுக்கறிக் குழம்போ பீன்ஸ் குழம்போ ஊற்றி, தோண்டிய துண்டை மேலே வைத்துத் தருவார்கள். தட்டும் கிடையாது, கரண்டியும் கிடையாது. இரண்டு பேர் ஒரே பன்னியைச் சுவரிலிருந்து கிள்ளிக் கிள்ளித் தின்றால், சாறு முழங்கைக்கு வழிவதற்குள் கம்பேனியன் ஆகியிருப்பார்கள்.

மேட் என்பதும் சாப்பாட்டுச் சொல்தான். ஜெர்மானிய மொழிகளில் ஒரே பந்தியில் உணவைப் பகிர்ந்துகொள்பவன் என்ற பொருளில் இருந்தது. ஆங்கிலத்தில் இறைச்சியைக் குறிக்கும் "மீட்" என்ற சொல்லுக்குச் சொந்தக்காரன். இன்றைக்கு ரூம்மேட், கிளாஸ்மேட், டீம்மேட் என்று ஒட்டுச்சொல்லாக வரும்போது அதில் எந்த ஆபத்தும் இல்லை. நாமும் தமிழோடு சேர்த்தே பேசுகிறோம். தனியாக "மேட்" என்று கூப்பிடுவதுதான் பார்த்துச் செய்ய வேண்டியது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் அது தெருவெல்லாம் கிடக்கும். 2005-ல் கான்பெர்ராவில் நாடாளுமன்றக் காவலர்கள் வருபவர்களை "மேட்" என்று அழைக்கக் கூடாது என உத்தரவு போட்டார்கள். நாடே கொதித்து, ஒரு நாளுக்குள் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். அங்கே பிரதமரையும் மேட் என்பான். தென்னாப்பிரிக்காவில் அந்த இடத்தில் வேறு சொற்கள் உட்கார்ந்துவிட்டன, அதற்கு வருகிறேன்.

சாப்பாட்டுக்கு அடுத்தது அறை. சம் என்ற சொல் 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பல்கலைக்கழக மாணவர் பேச்சில் தலைகாட்டியது. ஒரே அறையில் தங்கியவன் என்று பொருள். "சேம்பர்" என்பதன் சுருக்கமாக இருக்கலாம் என்பார்கள். இப்போது கொஞ்சம் பழைய வாடை. தாத்தா காலத்துக் கதைப் புத்தகச் சிறுவர்கள் ஒருவரையொருவர் சம் என்பார்கள், இன்றைய இளைஞன் சொல்வதில்லை. ஒரு எச்சரிக்கை: டர்பனுக்குத் தெற்கே உம்கோமாஸ் கடலில் அலிவால் ஷோல் என்ற பாறைத்திட்டு இருக்கிறது. சுறா பார்க்க முங்குகிறவர்கள் போகும் இடம். அங்கே படகுக்காரர் தண்ணீரில் சம் இருக்கிறது என்றால் நண்பனைத் தேடிக் குதித்துவிடாதீர்கள். சுறாவை இழுக்கக் கொட்டும் மீன் துண்டங்களுக்கும் அதே பெயர். இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சொற்கள்.

காம்ரேடும் அறைத்தோழன்தான். ஸ்பானிய மொழியில் "கமாரா" என்றால் அறை. படைவீட்டில் ஒரே அறையில் கிடந்த சிப்பாய்கள் கமாராடா ஆனார்கள். பிறகு இடதுசாரி இயக்கங்கள் அதை எடுத்துக்கொண்டன. நம் ஊரில் தோழன் என்ற பழைய சொல் தோழர் ஆகிக் கட்சிக்குள் போனதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. தென்னாப்பிரிக்காவில் இந்தச் சொல்லுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் கட்சியிலும் அதன் தோழமை அமைப்புகளிலும் தொழிற்சங்கங்களிலும் காம்ரேட் என்பது பெயருக்கு முன்னால் வரும் மரியாதை அடைமொழி. செல்லமாகச் சுருக்கி "காம்" என்பதும் உண்டு. நிறவெறிக்கு எதிராகச் சிறை போனவர்கள் அந்தச் சொல்லைச் சம்பாதித்து வைத்திருக்கிறார்கள். வேடிக்கையாகக் கூட அதை இரவல் வாங்காமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து. கூட்டத்தில் உங்களை யாராவது காம்ரேட் என்றால் திருப்பிச் சொல்லலாம், தப்பில்லை.

டர்பன்காரர் வாயில் "காம்ரேட்ஸ்" என்று பன்மையில் வந்தால் அது அரசியலே இல்லை, ஓட்டம். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஓடும் காம்ரேட்ஸ் மாரத்தான். முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய விக் கிளாஃபம் என்பவர், போரில் மாண்ட சக சிப்பாய்களின் நினைவாக 1921 மே 24 அன்று தொடங்கியது. பழைய சிப்பாய்கள் சங்கத்தின் பெயரில் இருந்த காம்ரேட்ஸ்தான் ஓட்டத்துக்கும் பெயரானது. முதல் ஆண்டு புறப்பட்டவர்கள் 34 பேர். அலுவலகத்தில் ஒருவர் "ஐ ராண் காம்ரேட்ஸ்" என்றால் கட்சி உறுப்பினர் என்று நினைத்துவிட வேண்டாம். கால் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள், அரை மணி நேரம் பேசுவார்.

அதே போரில் பால் என்ற சொல்லுக்கும் ஒரு சோகம் உண்டு. 1914-ல் பிரிட்டனில் ஆள் சேர்த்தபோது, ஒரே ஊரில் ஒரே ஆலையில் வேலை பார்க்கும் நண்பர்கள் சேர்ந்து பெயர் கொடுத்தால் சேர்ந்தே போரிடலாம் என்றார்கள். பால்ஸ் பட்டாலியன் என்று பெயர். அக்ரிங்டன் என்ற சிறிய ஊரின் பால்ஸ், 1916 ஜூலை 1 அன்று பிரான்ஸின் சோம் போர்க்களத்தில் சுமார் 700 பேராக இறங்கினார்கள். காலையிலேயே அவர்களில் பெரும்பாலோர் செத்தோ காயப்பட்டோ விழுந்துவிட்டார்கள். ஒரே தெருவில் வீட்டுக்கு வீடு சாவுச் செய்தி. அதன்பின் அப்படி நண்பர்களை ஒன்றாகச் சேர்க்கும் முறையையே கைவிட்டார்கள்.

பால் என்ற சொல்லின் பிறப்பு நமக்குக் கொஞ்சம் பக்கம். இந்தியாவிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் மேற்கே நடந்துபோன ரோமானி மக்களின் மொழியில் சகோதரனுக்கு "ப்ரல்", "பால்" என்று பெயர். சமஸ்கிருத "ப்ராதா"வின் பேரப்பிள்ளை. இங்கிலாந்தின் நாடோடிக் கூடாரங்களிலிருந்து 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. ப்ரதர், அதன் சுருக்கமான ப்ரோ, டர்பன் குஜராத்திக் கடைகளில் கேட்கும் பாய், இந்தப் பால், எல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

இனி இந்த ஊருக்கே உரிய சொற்கள். ப்ரூ என்பது டச்சிலிருந்து பிறந்த ஆப்பிரிகான்ஸ் மொழியில் சகோதரனுக்கான "ப்ரூர்" என்பதன் வால் அறுந்த வடிவம். டர்பனில் இதுதான் ராஜா. கடற்கரையில் அலைச்சறுக்குப் பலகையைத் தூக்கிப் போகிற வெள்ளைக்காரப் பையனும் சொல்வான், டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் டாக்சி ஓட்டும் நம்மவரும் சொல்வார். சமவயது ஆண்களுக்குள் பாதுகாப்பான சொல். புட் என்பதும் ஆப்பிரிகான்ஸ் அண்ணன்தான், ஆனால் அதில் கொஞ்சம் பண்ணை மண் ஒட்டியிருக்கும். அது சுலு, ஹோசா மொழிகளுக்குள் போய் "பூத்தி" ஆகி, அறிமுகமில்லாத இளைஞனை மரியாதையாகக் கூப்பிடப் பயன்படுகிறது. சுலுவிலேயே "ம்ஃபோவெத்து" என்ற சொல் உண்டு. நேர்ப்பொருள் "எங்கள் சகோதரன்". ஒருமையில் நிற்கும் ஆளும் பன்மையில் "எங்கள்" என்பதைக் கேட்டு ஆங்கிலேயன் முழிப்பான். "எங்க அண்ணன்", "எங்க அம்மா" என்றே பேசிப் பழகிய நமக்கு அதில் என்ன அதிசயம்?

ப்ரா என்பதைக் கேட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். உள்ளாடை இல்லை, ப்ரதர்தான். கறுப்பினக் குடியிருப்புகளில் பிறந்த சொல். நண்பனைக் கூப்பிடவும் ஆகும். மூத்த கலைஞர்களுக்கு முன்னொட்டாகவும் வரும். எக்காள இசைக்கலைஞர் ஹியூ மசெகேலாவை நாடே ப்ரா ஹியூ என்றது. நாம் பெயருக்குப் பின்னால் அண்ணன் சேர்ப்பதுபோல அவர்கள் முன்னால் சேர்க்கிறார்கள்.

சைனா என்பது சீனா இல்லை. லண்டன் கிழக்குப் பகுதிக்காரர்களின் எதுகை விளையாட்டு. "மேட்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் அதற்கு எதுகையாக "பிளேட்" வைத்து, "சைனா பிளேட்" என்று பீங்கான் தட்டாக்கி, கடைசியில் பிளேட்டையும் விட்டுவிட்டார்கள். கப்பலேறி வந்து தென்னாப்பிரிக்காவில் தங்கிவிட்டது. சீன முகமுள்ள ஒருவரை அப்படிக் கூப்பிட்டுவிடாதீர்கள், எந்த எதுகை விளக்கமும் அப்போது காப்பாற்றாது. ச்சொம்மி என்று ஒன்றும் கேட்கும். நாம் மேலே பார்த்த சம் என்ற ஆங்கிலச் சொல்லே ஆப்பிரிகான்ஸுக்குள் போய் "ஈ" என்ற செல்ல விகுதி வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறது. இங்கிலாந்தில் கிழடாகிப்போன சொல் இங்கே வாலிபனாகத் திரிகிறது. லைட்டி என்றால் நண்பன் இல்லை, வயதில் சின்னவன்; மகனையும் சொல்வார்கள், தம்பி போன்றவனையும் சொல்வார்கள்.

இத்தனைக்கும் நடுவே நம் அண்ணா எப்படி நிற்கிறது? 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்து டர்பனில் இறக்கியது. 1911 வரை கரும்புத் தோட்டங்களுக்கும் ரயில்பாதைக்கும் சுரங்கத்துக்கும் வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். பெரும்பகுதி சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் காலத்தில் வீட்டு மொழி ஆங்கிலமாகிவிட்டது. தமிழில் ஒரு வாக்கியம் கட்டத் தெரியாத வீட்டிலும் அண்ணா, தம்பி, தாத்தா போகவில்லை. உறவைக் கூப்பிடும் சொல்தான் ஒரு மொழியில் கடைசியாக வெளியேறும் போலிருக்கிறது. ஆகவே சாட்ஸ்வர்த் வீட்டுக்காரர் அண்ணா என்றால் அதை ஊர் அண்ணாவாகவே எடுத்துக்கொண்டு பதிலுக்கும் அண்ணா என்னலாம். வயது கூடியவரானால் ஆண்ட்டி, அங்கிள். பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் அலுவலகத்தோடு நின்றுவிடும்.

ஒன்று கவனித்தீர்களா? ஆங்கிலமும் ஆப்பிரிகான்ஸும் சுலுவும் நண்பனைச் சகோதரன் ஆக்குகின்றன. நாம் மச்சான் ஆக்குகிறோம். அண்ணன் என்றால் மரியாதை வந்து குறுக்கே நிற்கும், கிண்டல் செய்ய முடியாது; மச்சானிடம் அந்தத் தடை இல்லை. அதனால்தான் ப்ரோ என்ற சொல் தமிழ்நாட்டில் இவ்வளவு வேகமாகப் பரவியது என்று எனக்குத் தோன்றும். மச்சான் என்னும் அளவுக்கு நெருக்கமில்லை, அண்ணன் என்று பணியவும் மனமில்லை. அந்த நடு இடத்தில் வந்து உட்கார்ந்தது ப்ரோ. அந்தப் பழக்கத்தில் இங்கே மேலாளருக்கு "ஹாய் ப்ரோ" என்று வாட்ஸாப் அனுப்பாதீர்கள். ஹாய் போட்டு முதல் பெயர், அவ்வளவுதான். தென்னாப்பிரிக்க அலுவலகங்களில் இயக்குநரையும் முதல் பெயரால் கூப்பிடுவது சாதாரணம்.

தொனி மாறினால் இந்தச் சொற்கள் எல்லாமே கத்தியாகும். பட்டி நல்ல உதாரணம். கடலில் முங்கும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டி உண்டு. குதிக்கும் முன் உங்கள் காற்றுக் குழாயை அவர் சரிபார்ப்பார், அவருடையதை நீங்கள். உயிரை ஒப்படைக்கும் சொல். அதே சொல்லை வண்டி நிறுத்துமிடத்தில் முன்பின் தெரியாதவர் "ஹே, பட்டி" என்று கீழ்க்குரலில் சொன்னால் சண்டைக்கு இழுக்கிறார் என்று பொருள். பதிலுக்குப் பட்டி என்னாமல் "சாரி" சொல்லி நகர்வதே நல்லது.

சொல்லவே கூடாத ஒன்றும் உண்டு. ஊரில் ஹோட்டல் பையன், வேலைக்காரப் பையன் என்று வயதைப் பார்க்காமல் சொல்லிப் பழகியவர்கள், அதை அப்படியே ஆங்கிலத்தில் "பாய்" ஆக்கிவிடுவார்கள். குஜராத்தி பாய் இல்லை, சிறுவன் என்ற பாய். நிறவெறிக் காலத்தில் ஐம்பது வயதுக் கறுப்பினத் தோட்டக்காரரையும் வெள்ளை எஜமானர்கள் பாய் என்றே அழைத்தார்கள். அந்தப் புண் ஆறவில்லை. பெரியவரானால் "பாபா", பெண்ணானால் "மாமா" என்று சுலு முறையில் சொல்லுங்கள். மாமா என்றால் அங்கே அம்மா. நாக்கு முதலில் கூசும், பழகிவிடும்.

க்ரோனி என்ற சொல்லைப் பத்திரிகையில் பார்த்து நண்பன் என்று மட்டும் குறித்துக்கொள்ளாதீர்கள். கேம்பிரிட்ஜ் மாணவர்கள் கிரேக்கத்திலிருந்து எடுத்தது என்பார்கள். நெடுங்காலத்து நண்பன் என்ற நல்ல பொருளில் தொடங்கியது. இன்று பதவியில் இருப்பவரின் கூட்டுக் களவாணி. 2018-இலிருந்து 2022 வரை நீதிபதி சோண்டோ தலைமையில் அரசு கைப்பற்றல், அதாவது தனியார் சிலர் அரசையே கைக்குள் போட்டுக்கொண்டது பற்றிய விசாரணை ஆணையம் நடந்தபோது இந்த நாட்டுச் செய்திகளில் அது தினமும் வந்த சொல். உங்கள் பள்ளித் தோழரை "மை ஓல்ட் க்ரோனி" என்று அறிமுகம் செய்தால், வயதானவர் சிரிப்பார், இளையவர் சந்தேகப்படுவார்.

கடைசியாகப் பார்ட்னர், கேர்ள்ஃப்ரெண்ட். ஒரு பெண் தன் தோழியை கேர்ள்ஃப்ரெண்ட் என்றால் தோழி என்று பொருள் கொள்ள இடமுண்டு. ஆண் சொன்னால் காதலிதான். "பெண் நண்பர்" என்று மட்டும் சொல்ல நினைத்தால் வெறுமனே ஃப்ரெண்ட் போதும். பார்ட்னர் இன்னும் வழுக்கும். டர்பன் இந்தியர்கள் சனிக்கிழமை இரவு ஆடும் துனி என்ற சீட்டாட்டத்தில், எதிரே உட்கார்ந்திருப்பவர் உங்கள் பார்ட்னர். பெயரே நம் தண்ணிதான் என்பார்கள். 24 சீட்டு, ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, மொத்தம் 304. யாழ்ப்பாணத்தார் அந்த எண்ணையே பெயராக வைத்து ஆடும் ஆட்டத்துக்குத் தங்கை. அந்த மேசையில் "மை பார்ட்னர்" என்று எத்தனை தடவை வேண்டுமானாலும் கத்தலாம். தொழிலில் பங்கு போட்டவரைச் சொல்லும்போது "பிசினஸ் பார்ட்னர்" என்று முழுதாகச் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் வெறும் பார்ட்னர் என்றால் இங்கே கணவனோ மனைவியோ சேர்ந்து வாழ்பவரோதான். மெடிக்கல் எய்ட் என்னும் மருத்துவக் காப்பீட்டுப் படிவத்தில் பார்ட்னர் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் துனி பார்ட்னர் பெயரை எழுத முடியாது, எவ்வளவு நன்றாக ஆடினாலும்.